சரீங்க சார்

"மஞ்சள் போடாத சாம்பிள்ல இந்த பீக் இல்லைங்களே சார்?"

கோபியிலிருந்து வந்து படித்த பெண். நான் என்எம்ஆர் மிஷின் ஓட்டுகிறவன்; சாம்பிளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள அணுக்களின் சிக்னலைப் படமாக எடுப்பது வேலை. ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினை விட்டு வேறெதைத் தொடப்போகிறார்கள்! செல் சவ்வு மாதிரி அடுக்கு கட்டும் டிஎம்பிசி என்ற லிப்பிடை (கொழுப்பு) டியூட்டீரியம் உள்ள கனநீரில் கலந்து ஒரு ட்யூப், குர்க்குமின் சேர்த்து இன்னொன்று. டியூட்டீரியம் சிக்னல் இரண்டிலும் இரண்டாகப் பிரிந்திருந்தது. சவ்வை ஒட்டிய நீர் ஓர் ஒழுங்கில் நிற்கிறது, நல்லது. அப்புறம் லிப்பிடில் இருக்கும் பாஸ்பரஸ்-31 அணுவின் சிக்னலை எடுத்தோம். இடப்பக்கம் தாழ்ந்த தோள், வலப்பக்கம் உச்சி, சுமார் 40 பிபிஎம் அகலம். அடுக்குச் சவ்வு என்றால் இப்படித்தான் இருக்கும். ஆனால் குர்க்குமின் ட்யூபில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், ஊசியை நட்டு வைத்த மாதிரி ஒரு பீக்.

"சோனிகேட்டர்ல ஜாஸ்தி நேரம் வச்சிருப்பே அம்மிணி. குட்டிக் குட்டிக் குமிழா உடைஞ்சிருக்கும். அது வேகமா உருளும், பீக் ஒல்லியாத்தான் வரும். விட்டுரு."

சோனிகேட்டர் என்பது ஒலியலையால் குலுக்கிக் கலக்கும் கருவி. நான் சொன்னது தப்பில்லை. குர்க்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. கூடுதல் நேரம் வைத்திருப்பாள் என்று நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் எத்தனை நிமிஷம் வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குர்க்குமினே அடுக்கைக் குலைத்து, சவ்வு கியூபிக் (முப்பரிமாண வலை) மாதிரி வேறு அமைப்புக்குப் போயிருந்தாலும் இதே ஊசிதான் வரும்.

பிரித்துப் பார்க்க வழி இருந்தது. ட்யூபைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, நாலைந்து தடவை செய்தால் சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். பீக் போனால் நான் சொன்னது, நின்றால் அவள் கேட்டது. வேண்டியது ஒரு டம்ளர் நைட்ரஜன். காந்தத்துக்குப் பக்கத்திலேயே கேன் புகைந்துகொண்டிருந்தது. நைட்ரஜன் லோடு மறுநாள்தான் வரும், அதில் குளிரும் காந்தம் காயக்கூடாது, அடுத்த ஸ்லாட் ஆள் வாசலில் நிற்கிறார். எல்லாம் உண்மை. நான் பிடிக்க வேண்டிய பொள்ளாச்சி பஸ்ஸும் உண்மை.

"சரீங்க சார்" என்றாள்.

நம் ஊர்ப் பேச்சில் இந்த 'ங்க' ஒரு சங்கடம். ஒப்புக்கொண்டாலும் அதுதான், ஒப்பாமல் வாயை மூடிக்கொண்டாலும் அதுதான். இருபது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று பழகிவிட்டேன் போல.

ஆய்வேட்டில் அந்தப் படம் இல்லை. கைடு எடுக்கச் சொன்னாரோ, என் பேச்சைக் கேட்டு அவளே எடுத்தாளோ. மிஷின் ஓட்டுகிறவன் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பா என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மதிப்பு இல்லாவிட்டால் என்னிடம் ஏன் கேட்டாள்?

ட்யூப் இன்னும் ஃபிரிட்ஜில், மஞ்சள் நிறம் மங்காமல் இருக்கிறது. போன வாரம் நைட்ரஜன் நிறைய இருந்தது, கையில்கூட எடுத்தேன். தண்ணீரில் இத்தனை நாள் கிடந்த லிப்பிட், தானாகவே கொஞ்சம் சிதைந்திருக்கும். அந்தச் சிதைவும் ஊசி மாதிரிதான் பீக் கொடுக்கும். திரும்ப வைத்துவிட்டேன்.