பில்டர் வாங்க முதல் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

வீட்டுக்கு வந்து பில்டர் விற்பவர்கள் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள். ஒரு கிளாசில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர்களின் ஆர்.ஓ. (மெல்லிய சவ்வால் உப்பை வடிக்கும் கருவி) தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தால், கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காவியாகித் திரளும். அது கிணற்று அழுக்கல்ல, கம்பியின் இரும்பு கரைந்து துருவாவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் பாயாது. அதற்குள் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் காவியாகும்.

டிடிஎஸ் மீற்றரும் கரைந்த உப்புகளை மொத்தமாகத்தான் சொல்லும். புளோரைட்டையோ (பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஒரு உப்பு வகை) கிருமியையோ அது பிரித்துக் காட்டாது.

வன்னியில் பக்கத்துப் பக்கத்து வளவுக் கிணறுகளே ஒரு மாதிரி இராது. வவுனியா, செட்டிகுளம் பக்கம் பாறைக்குள் இறக்கிய குழாய்க் கிணறு என்றால் முதலில் புளோரைட்டைப் பாருங்கள். முல்லைத்தீவு மணல் கரையில், மலகூடக் குழிக்குக் கிட்டவுள்ள ஆழமில்லாக் கிணறு என்றால் முதல் பயம் கிருமிதான். ஒரு லீற்றர் தண்ணீரை சுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். கண்ணாடிப் போத்தல் புளோரைட் சோதனைக்கு ஆகாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலையே பாவியுங்கள், ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 இன்படி ஒரு லீற்றரில் புளோரைட் 1 மில்லிகிராம், மொத்த வன்மை (வெள்ளைப் படை விடும் உப்புகள்) 250 மில்லிகிராம், நைத்திரேற்று (பசளை, மலகூடக் கழிவிலிருந்து சேர்வது) 50 மில்லிகிராம் என்பவை உச்ச அளவுகள்.

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் களிமண் பில்டரே போதும். மணிக்கு ஒன்று முதல் மூன்று லீற்றர் வடியும். அடைத்தால் மெல்லிய பிரஷால் நல்ல தண்ணீரில் தேய்க்கலாம், சவர்க்காரம் வேண்டாம். திடீரென்று வேகமாக வடியத் தொடங்கினால் பானை வெடித்திருக்கும், மாற்றுங்கள். கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும்.

புளோரைட் அப்படியல்ல. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி அதன் செறிவு கூடும். சாதாரண களிமண் பில்டர், கரி பில்டர், யூவி (புற ஊதா ஒளி) எதுவும் அதைப் பிடிக்காது. வீட்டுக்கு ஆர்.ஓ. ஒரு நல்ல வழி.

ஆர்.ஓ. பூட்டினால் சறுக்குவது இரண்டு இடத்தில். 15 அடி உயரத் தாங்கி தருவது ஆறேழு பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். உள்ளேயுள்ள சவ்வான மெம்பிரேனுக்கு 40 ஆவது வேண்டும், அதனால் பம்ப் உள்ளதாகப் பாருங்கள். அடுத்தது, கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கும் தண்ணீர் மெம்பிரேனிலும் அதே படையை விடும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு முன்னால் ஒரு மென்னீராக்கி (வன்மையைக் குறைக்கும் கருவி) வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால், வாசம் போகும்வரை ஆர்.ஓ.வை நிறுத்திவையுங்கள். கரி பில்டர் பழசாயிருந்தால் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து குறித்து வையுங்கள். டிடிஎஸ் மீற்றர் உண்மையில் உதவுவது இதற்குத்தான். 900 போய் 60 வந்தால் நல்லது. அதே 900க்கு 200 வந்தால் மெம்பிரேன் முடிந்துவிட்டது. கழிவாக ஓடும் தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். மலகூடத்துக்கு ஊற்றலாம், மிளகாய்க் கன்றுக்கு வேண்டாம்.