லிமோன்செல்லோவுக்குத் தோல் போதும்

வீட்டில் லிமோன்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சை மது போடும்போது பழச் சாற்றை நான் தொடுவதே இல்லை. வேண்டியது தோல் மட்டும். இத்தாலியில் சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரைப் பக்கம் விளையும் எலுமிச்சைக்குத் தோல் தடிமன், மணமும் அதிகம்.

மெழுகு பூசாத பழமாகப் பார்த்து, மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுவேன். உள்பக்க வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கசப்பு நிச்சயம், கத்தியால் சுரண்டிவிடுங்கள். 10 பழத் தோலுக்கு, உணவுக்கென்றே விற்கும் 95 சதவீத ஆல்கஹால் ஒரு லிட்டர். அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டில் சில வாரம் ஊறட்டும். தோல் வெளிறி மொரமொரப்பாகிவிடும்.

அப்புறம் வடிகட்டி, நன்றாக ஆறிய சர்க்கரைப் பாகை ஊற்றும்போது பாருங்கள்! பளிச்சென்று தெளிந்திருந்தது சட்டென்று பால் கலந்ததுபோல் மாறும். தோலின் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிவதுதான் காரணம். எனக்கு அந்தக் கணம்தான் உயிர்.

குடிப்பது சாப்பாட்டுக்குப் பிறகு, ஃப்ரீஸரிலிருந்து நேராக, சின்னக் கிளாஸில்.