உளுந்து ஆட்டினால் விழும் மெயின்

நவம்பர் 4, செவ்வாய்

ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜிலிருந்து போன். விடிகாலையில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் மெயினை வெட்டும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறதாம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"பனி எறங்குனா இப்படித்தானுங்க" என்றார் மேனேஜர். சமையல் மாஸ்டர் கிரைண்டர் மேல் பழி போட்டார். முன்பு வந்த ஒயர்மேன், ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு டைரக்ட் பண்ணிடலாம் என்றாராம். கீசர் உள்ள குளியலறைகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டும் அந்த ஸ்விட்ச்தான் காவல். நல்லவேளை, முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

கிரைண்டரை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பார்த்தேன். மோட்டார் சுத்தம்.

நவம்பர் 5, புதன்

ராத்திரி அங்கேயே தங்கினேன். விடியும் முன்பே டிபி (லைன்கள் பிரிகிற ஸ்விட்ச் பெட்டி) முன்னால் நின்று, மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டேன். போகிற கரண்ட் எல்லாம் திரும்பி வந்தால் பூஜ்யம் காட்டவேண்டும். காட்டியது 9 மில்லி ஆம்பியர். டிவி, கம்ப்யூட்டர் ஃபில்டர்கள் வழியே கொஞ்சம் கசிவது வழக்கம்தான். மாஸ்டர் வடைக்கு உளுந்தைப் போட்டு கிரைண்டரைத் தட்டினார். 22க்கு ஏறியது, டப். 30 என்று அச்சடித்திருந்தாலும் 15ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழலாம்.

மறுபடி ஓடவிட்டு, கிரைண்டரின் இரண்டு ஒயரை மட்டும் கிளாம்பில் விட்டேன். கசிவே இல்லை! அப்போ வேறெங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. கிரைண்டர் கரண்ட் இழுக்கும்போது நியூட்ரலில் ஓரிரு வோல்ட் ஏறும். அந்த வோல்ட்டுக்கே, தொடுகிற இடம் வழியாகக் கொஞ்சம் எர்த்துக்கு நழுவிவிடும்.

ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்.சி.பி. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்களாம், ஒன்றும் பிடிபடவில்லையாம். எப்படிப் பிடிபடும்? ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். மெயினை நிறுத்திவிட்டு, நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் லிங்கிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்தோடு உள்ள தடையை அளந்தேன். தோட்ட விளக்கு லைனில் நூற்றைம்பது ஓம்தான் இருந்தது. பகலில் அணைந்து கிடக்கிற விளக்கு, அதை யார் சந்தேகப்படுவார்கள்?

சில்வர் ஓக் மரத்தடியில் இரும்பு ஜங்ஷன் பாக்ஸ். மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. அடித்துளையை மண் அடைத்துவிட்டது. டேப் சுற்றிய இணைப்பிலிருந்து பிரிந்த ஒரு செம்பு இழை, பச்சைக் களிம்போடு துருவில் சாய்ந்திருந்தது. ஈரம் இருக்கும் வரை தொடும், வெயில் ஏறினால் விட்டுவிடும். மேனேஜர் சொன்னதும் சரி, மாஸ்டர் சொன்னதும் சரி.

தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 பிளாஸ்டிக் பாக்ஸ், ஒயர் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்ட், புது கனெக்டர் போட்டாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

காலையில் நல்ல பனி. கிரைண்டர் ஓடியும் மீட்டர் 9ஐ விட்டு நகரவில்லை. மாஸ்டர் முதல் ஈட்டு வடையை எனக்குக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு மட்டும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற இரு முனை ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) தனியாகப் போடச் சொன்னேன். விலையைக் கேட்டதும் முதலாளி யோசித்தார். சேலத்தில் இரண்டு கடை விசாரித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.