அப்பாவோட அம்பாசிடரும் அண்ணனோட பென்ஸும்

பெரியப்பா வீட்டு அண்ணன் வாங்குன பென்ஸ் இ-கிளாஸ்ல நேத்து அழகர்கோவில் போயிட்டு வந்தோம். 9 கியர், தானா மாறுது, மாறுறதே தெரியல. கண்ணாடிய ஏத்திட்டா வெளிச்சத்தம் உள்ள வரவே இல்ல. பின்சீட்டுல அம்மா தூங்கிருச்சு.

கியர் குச்சி இதுலயும் ஸ்டியரிங் தண்டுலதான் இருக்கு, வலப்பக்கம். எங்கப்பா அம்பாசிடர்ல இடப்பக்கம். 4 கியர், ஒவ்வொண்ணையும் கையால இழுத்துப் போடணும். தரையில கியர் இல்லாததால முன்னாடி ஒரே நீள சீட்டு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல, முழங்கால மடக்கிக்கிட்டு, நான். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வர்ற அழகர வரவேற்குற எதிர்சேவை பாக்க ஒன்பது பேரு அதுல வந்திருக்கோம்!

2014ல மேற்கு வங்காளத்துல இருக்குற உத்தரபாரா ஆலையில அம்பாசிடர் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. சொகுசுக்கு பென்ஸ்தான், சந்தேகமே இல்ல. ஆனா வெயில்ல சூடேறுன அந்த ரெக்சின் வாசம் எனக்கு வேணும். இந்த மாசம் அப்பா வண்டிய டிங்கரிங்குக்கு விடுறேன்.