ஹட்டன் பக்கத்தில் டெபியன் பயனர் பதிவு தொடங்கிய அனுபவம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் உள்ள கணினிகள் எல்லாம் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டோம். அதைப் பார்த்து ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் வீட்டு லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலது கொழும்பில் வேலை செய்யும் அண்ணன்மார் செகண்ட் ஹேண்டாக வாங்கி அனுப்பியவை. ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள்.

போட்டுக் கொடுப்பது லேசான வேலை. அதற்குப் பிறகு யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் சிக்கல். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோது 32 பிட் கணினிகளுக்கான, அதாவது பழைய வகைச் செயலி உள்ளவற்றுக்கான, இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட கணினியை 12இலிருந்து 13க்கு உயர்த்த வேண்டாம் என்று டெபியனே சொல்கிறது. இந்தச் செய்தி லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஒரு பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதற்காகத்தான் விருப்பமுள்ளவர்கள் தங்களைப் பதிந்துகொள்ள ஒரு ஏற்பாடு செய்ய நினைத்தோம்.

இது புது யோசனை இல்லை. 1993இல் தொடங்கிய, லினக்ஸ் பயனர்களை எண்ணும் லினக்ஸ் கவுண்டரில் உலகம் முழுக்கப் பயனர்கள் தாங்களாகவே பதிந்து ஆளுக்கொரு எண் வாங்கினார்கள். விற்பனைக் கணக்கு இல்லாத மென்பொருளை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று அறிய வேறு நல்ல வழி அப்போது இருக்கவில்லை.

கணினி தந்து உதவிய ஒரு தரப்பினர் தங்கள் மாதிரிப் படிவத்தையும் அனுப்பியிருந்தார்கள். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தோட்டம், டிவிஷன், வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேள்விகள். பேத்தியின் லேப்டாப்பை எடுத்துப்போக வந்த தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடையாள அட்டைக் கட்டத்தில் விரலை வைத்து, "இந்த நம்பர் இல்லாட்டி கம்பியூட்டர் ஓடாதா தம்பி?" என்றார்.

"ஓடுங்க ஐயா."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அவர் தலைமுறை கேட்கும்போது அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வந்த சட்டத்தின் கீழ் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகவே பிரித்தது. மிச்சப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை போக வேண்டியிருந்தது. படிவம் நிரப்பியதால் வாழ்க்கை திசைமாறிப்போன குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் தேவையில்லாத ஒரு கட்டத்தைக்கூட வைக்க எங்களுக்கு உரிமை இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டினோம். மிஞ்சியது நாலு கேள்வி: கூப்பிடும் பெயர், தகவல் சொல்ல ஒரு வழி, டெபியன் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா. பெயர் எதுவாகவும் இருக்கலாம். போன் நம்பர் தர விருப்பமில்லாதவர் "வாசிகசாலையில் சொல்லுங்கள்" என்று எழுதலாம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் சேகரி, சம்மதத்தைத் திரும்பப் பெற இடம் கொடு என்றுதான் சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் என்றால் அம்மா அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

அடுத்து, எண்ணிக்கை. தொடர்புப் பட்டியலையும் பாவனைக் கணக்கையும் ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது என்று முடிவெடுத்தோம். கணக்குக்கு டெபியனிலேயே பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் என்ற பொதி (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) இருக்கிறது, சுருக்கமாகப் பாப்கான். நிறுவும்போது கேட்கும், நாமாக ஆம் என்று சொன்னால்தான் வேலை செய்யும். எந்தெந்தப் பொதிகள் இருக்கின்றன, எவை அண்மையில் பாவிக்கப்பட்டன என்ற பட்டியலை வாரம் ஒருமுறை அனுப்பும். ஆள் பெயர் அதில் இல்லை. தமிழ் எழுத்துருக்களும் தமிழ் உள்ளீட்டுப் பொதிகளும் பாவனையில் இருப்பது அந்தக் கணக்கில் தெரிய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அனுப்பும் பட்டியலின் பிரதி கணினியின் லாக் அடைவிலேயே கிடக்கும். வருகிறவர்களுக்கு அதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் விருப்பம் கேட்கிறோம். ஒரு பிள்ளை அதை உருட்டி உருட்டிப் பார்த்து, "என் போட்டோ எதுவும் இதுல இல்லையே" என்று தானே சொன்னாள். அதற்குமேல் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வாசிகசாலைக் கணினிகளுக்கு ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து போடுவதுதான் வழக்கம். பாப்கான் ஒவ்வொரு கணினிக்கும் எழுமாற்றாக ஒரு 32 எழுத்து அடையாளம் உருவாக்கி அமைப்புக் கோப்பில் வைத்துக்கொள்ளும். குளோன் செய்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். அப்போது அறை நிறையக் கணினி இருந்தாலும் டெபியனுக்குப் போய்ச் சேருவது ஒரே கணினியின் கணக்குத்தான். குளோன் முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட்டுப் பொதியை மறுபடி கட்டமைத்தால் புது அடையாளம் வரும். பழைய டிஸ்க்கைக் காப்பாற்ற கோப்பைத் திறந்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோ-ஏடைம் என்ற தெரிவைப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். கோப்பைக் கடைசியாகத் திறந்த நேரத்தை வைத்துத்தான் பாப்கான் பாவனையைக் கணிக்கிறது. அந்தத் தெரிவு இருந்தால் தினமும் திறக்கிற லிப்ரே ஆபிஸ்கூட நெடுநாள் தொடாததுபோல் தெரியும்.

எங்கள் அறை மாலையில் மட்டும்தான் திறக்கும் என்பதால், தவறிய வேலைகளைக் கணினி திரும்ப இயங்கும்போது செய்துவிடும் அனாக்ரான் என்ற பொதியையும் நிறுவினோம். இல்லாவிட்டால் குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்து அனுப்புதல் தவறிவிடும்.

இப்போது டெபியன் போட்ட அன்று யாரிடமும் பதியச் சொல்வதில்லை. உதவி வாங்கிய கையோடு கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். கொண்டுபோய்ப் பாவித்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது கேட்கிறோம். வேண்டாம் என்றால் சரி, சேவையில் எந்தக் குறையும் இல்லை. பெயரை எடுக்கச் சொன்னால் அவர்கள் முன்னாலேயே வரியை அழிக்கிறோம். கணக்கப்பிள்ளை ஐயா பேத்தியின் பெயரைப் பதிந்துவிட்டார். பாப்கானுக்கு மட்டும் வேண்டாம் என்றார், அதை அணைத்துத்தான் கொடுத்தோம். பட்டியலில் 32 பிட் என்று குறித்திருந்த எல்லோருக்கும் 13க்குப் போக வேண்டாம் என்ற தகவல் சொல்லியாகிவிட்டது.