லாட ஆணி காட்டிய சந்தை

உழவன் எக்ஸ்பிரஸில் போய் விடியுமுன் கும்பகோணத்தில் இறங்கினேன். பிறகு டவுன் பஸ், அதன்பின் நண்பனின் பைக். வீரசோழன் ஆற்றங்கரையில் அவன் குடும்பத்துப் பட்டா நிலம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், கிடக்கிறது. மாட்டுச் சந்தை கூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பெயர் என்னவோ ‘சந்தைத் திடல்’தான். மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் உழுது நாற்றங்கால் போடப் போகிறார்கள். அதற்குள் மெட்டல் டிடெக்டரோடு அந்தத் திடலை ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது என் ஒரு வருட ஆசை.

நண்பனின் பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. புளியமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “எஞ்ச வேணாலும் தோண்டுங்க தம்பி, குழிய மட்டும் மூடிடுங்க” என்றார்.

கருவியின் சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அதன் எதிரொலிதான் நம் காதில் விழும் சத்தம். காசு அளவுப் பொருள் என்றால் அரை அடி ஆழம் வரை நம்பலாம். டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், விழுந்த காசு அந்த வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். மழை பெய்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

காசு தேடுபவர்கள் பொதுவாக இரும்பின் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். நான் அணைக்கவில்லை. பழைய சந்தையில் இரும்பும் பேசும் என்று எனக்குத் தோன்றியது. முதல் இரண்டு மணி நேரம் சோடா மூடி, கம்பித் துண்டு, பீடிக்கட்டு உறையின் ஈயத்தாள். பிறகு வடக்கு வரப்பை ஒட்டி ஒரே கரகரப்பு. களைக்கொட்டால் மண்ணைப் பெயர்த்தால் ஆணி. ஒரு அடி தள்ளி இன்னொன்று. பத்தடி நீளத்துக்குள் பதினேழு ஆணிகள், துருவேறிய லாடத் துண்டு ஒன்று. மாட்டின் குளம்பு பிளந்திருப்பதால் குதிரைக்குப் போல முழு வளையமாக அடிக்க முடியாது. பாதிப் பிறை மாதிரித் தட்டையாக, குளம்புக்கு இரண்டாக அடிப்பார்கள். கையில் இருந்தது அந்தப் பாதிப் பிறை, மூன்று துளைகளோடு.

பெரியப்பா எழுந்தே வந்துவிட்டார். “இஞ்சதான் தம்பி லாடம் அடிக்கிறவரு உக்காருவாரு. அந்தாண்ட ராட்டினம்.”

அவர் கை காட்டிய இடத்தில் ஒரு வட்டத்துக்குள்ளேயே ஆறு காசுகள். ராட்டினத்தில் சுற்றிய பிள்ளைகளின் டவுசர் பையிலிருந்து விழுந்தவை. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா இரண்டு, பூ விளிம்பு வைத்த இரண்டு நயா பைசா ஒன்று, வட்டமான ஒரு நயா பைசா இரண்டு, நடுவில் ஓட்டை போட்ட காலணா ஒன்று. அந்த ஓட்டைக் காலணாவை 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். போர்க்கால உலோகச் சிக்கனம். குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவதற்கு அந்த ஓட்டை வசதியாகப் போயிற்று.

1957 ஏப்ரல் 1-இல் புதுக்காசு வந்தபோது ரூபாய்க்கு 64 காலணா என்பது 100 நயா பைசா ஆனது. ஓரணாவுக்குச் சரியாக ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் விட்டுக்கொடுப்பது என்று சந்தையில் தினமும் தகராறாம். பெரியப்பா ஒரு அணாவுக்கு ராட்டினம் ஏறினாராம், ராட்டினக்காரர் ஏழு பைசா கேட்டாராம். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த முக்கால் பைசாக் கோபம் அவர் குரலில் இருந்தது. எந்த அருங்காட்சியகப் பெட்டியும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

காசுகளைத் தேய்க்கவில்லை. தேய்த்தால் பச்சைப் படிவத்தோடு எழுத்தும் போய்விடும். காகிதத்தில் மடித்து, எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுதினேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் எடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, அது தப்பு. அன்று மாலையே திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினோம்.

பெரியப்பா பட்டியலைப் படித்துப் பார்த்தார். லாடம் அடிக்க மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்ததும் தலையை மடியில் வைத்துக் கழுத்தைத் தடவிக் கொடுப்பது சின்ன வயதில் அவருடைய வேலையாம். “காசெல்லாம் ஆட்சியருக்குப் போவட்டும் தம்பி” என்றார். “இந்த ஆணியில ரெண்டு மட்டும் எனக்குக் குடுங்க.”