ஃபிளாட் ஃபோரே

2004இல் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவுப் பணிக்குச் சேர்ந்தேன். பிரிட்டன் வாடிக்கையாளர்களின் முகவரி மாற்றங்களைப் பதிவு செய்யும் வேலை. மூன்று வாரப் பயிற்சி முழுக்க, 'வி' என்றால் உதட்டைக் கடி, 'டபிள்யூ' என்றால் குவி என்பதிலேயே கழிந்தது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதல் மாதமே லீட்ஸிலிருந்து ஒரு மூதாட்டி அழைத்தார். "ஃபிளாட் ஃபோரே" என்றார். அங்கே வீடுகளுக்குப் பெயர் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், 'ஃபோரே'யை நானே எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்துவிட்டேன். கடிதம் திரும்பி வந்தது. மேலாளர் ஒலிப்பதிவை மூன்று முறை ஓடவிட்டார். மூன்றாம் முறைதான் விளங்கியது: ஃபோர், ஏ. நான்காம் எண், ஏ பிரிவு. தனியாகச் சொன்னால் அவர்கள் வாயில் அது வெறும் 'ஃபோ'. பின்னால் உயிரொலி வந்தால்தான் பதுங்கியிருந்த ரகரம் எழுந்து வந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது.

விடியற்காலை வேனில் திரும்பும்போது, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த நன்னூல் நினைவுக்கு வந்தது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.' உடல் என்றால் மெய்யெழுத்து; அதன்மேல் உயிரெழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆவது வேறென்ன? கோ, இல் சேர்ந்து கோவில் ஆனால், 'கோ ஆன்' 'கோவான்' ஆகிறது. 'ஐ ஆம்' 'ஐயாம்' ஆகிறது. வகரமும் யகரமும், இரண்டு உயிரொலிகளை இணைக்க நடுவே வரும் நம் உடம்படுமெய்கள்தாம். நாம் சேர்த்துப் பேசுவதைச் சேர்த்தே எழுதுகிறோம். அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்துப் பேசுகிறார்கள். எழுத்தை நம்பிக் காதைத் தீட்டியிருந்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் நன்னூல் எழுதிய பவணந்தியாரும் கைவிட்டுவிட்டார். "இண்டியாராஃபீஸிலிருந்தா பேசுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். இந்தியாவுக்கும் ஆஃபீஸுக்கும் நடுவே எழுத்தில் இல்லாத ஒரு ரகரம்! 'ஃபோரே' போன்றவை பழகிய நாக்கு, ரகரமே இல்லாத சொல்லுக்கும் அதை இரவல் கொடுத்துவிடுகிறது. அமெரிக்கர்களிடம் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு 'ஃபோர்' எங்கும் 'ஃபோர்'தான்.

மூதாட்டியை நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். முகவரியைத் திரும்பப் படித்தேன்: "ஃபிளாட் ஃபோர்." ரகரத்தை நன்றாக அழுத்தி, மூச்சுவிட்டு, "ஏ."

"இல்லையப்பா," என்றார் பொறுமையாக, "ஃபோரே."